"அதான் போட்டாச்சே டாக்டர்!"

தைப்பூசத்துக்கு முதல் நாள் தாத்தாவைக் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்கு அழைத்து வருகிறார்கள். "நாளைக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போறோம், ஒரு ஃபுளூ ஊசி போட்டுவிடுங்க." ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் வேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றால் மூன்று வருடக் கணக்கு வரும். கூடவே, "அதான் போட்டாச்சே!"

இது தட்டம்மை ஊசி இல்லை. தட்டம்மைக் கிருமி வேஷம் மாற்றாது; இன்ஃபுளுவென்சா, அதாவது ஃபுளூக் கிருமி, மாற்றிக்கொண்டே இருக்கும், அதிலும் எச்3என்2 ரகம் படு மோசம். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் ஊசியில் என்னென்ன ரகங்கள் சேர வேண்டும் என்று புதிதாகப் பரிந்துரைக்கிறது. (ஃபுளூவிலேயே பி யமகட்டா என்ற ரகம் 2020 மார்ச்சுக்குப் பிறகு தென்படவில்லை. நான்கு ரக ஊசி மூன்றானது அதனால்தான், மலிவுச் சரக்கு என்பதால் அல்ல.) சரி, கிருமி மாறவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் போன ஊசி தந்த எதிர்ப்பாற்றல் சில மாதங்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும். போன வருட ஊசி போன வருடத்தோடு சரி!

பனி கொட்டும் நாட்டு வியாதி என்பதும் கதை. பினாங்கில் இது வருடம் முழுக்கச் சுற்றுகிறது. வடக்கா தெற்கா என்று காத்திருக்காமல், கிடைக்கும் புதிய ஊசியைப் போடுங்கள்.

ஊசியால் ஃபுளூ வராது, உள்ளே இருப்பது செத்த கிருமியின் துண்டுகள். கைவலி, ஒரு நாள் உடம்புச் சூடு, அவ்வளவுதான். ஆனால் நூற்றுக்கு நூறு காக்கும் என்றும் சொல்ல மாட்டேன். ரகம் நன்றாகப் பொருந்தும் வருடத்தில், டாக்டரிடம் ஓடவைக்கும் ஃபுளூ 40 முதல் 60 சதவிகிதம் குறையும். இனிப்புநீர், இருதய நோய் உள்ளவர்களுக்கு அதுவே பெரிசு. ஃபுளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு என்று 2018இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது.

6 மாதம் முதல் 8 வயதுவரையுள்ள பிள்ளைக்கு முதல் முறை என்றால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவதுக்கு வராமல் போகாதீர்கள், தயவுசெய்து. கர்ப்பிணிகளும் போடலாம், போடவேண்டும். முட்டை ஒவ்வாமை தடையில்லை. முன்பு இதே ஊசிக்கு மூச்சு முட்டியிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கடும் காய்ச்சலோடு வராதீர்கள். தைப்பூசமோ உம்ராவோ, மூன்று வாரம் முன்னதாக வாருங்கள். போட்டபின் 15 நிமிடம் உட்காருங்கள், கார் பார்க்கிங் காசு ஒன்றும் பறந்துவிடாது.

அப்படியும் திடீரென்று காய்ச்சல், உடம்புவலி என்று படுத்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாட்டிக்கைத் தொடாதீர்கள், அது வைரஸைக் கொல்லாது. ஓசெல்டாமிவிர் என்ற ஃபுளூ வைரஸ் மருந்து வேண்டியவர்களுக்கு அது முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். நான்காம் நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்க மட்டும் வராதீர்கள்.