ஒளிவினையூக்கி

போட்டோகேட்டலிஸ்ட் என்பதற்குத் தமிழில் புழங்கும் சொல் ஒளிவினையூக்கி. வெளிச்சத்தை உறிஞ்சி, அந்த ஆற்றலைக் கொண்டு ஒரு வேதிவினையை நடத்திவைத்துவிட்டு, தான் தீர்ந்துபோகாமல் நிற்கும் பொருள்.

ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதியும் கிரேக்கம். 'போட்டோ' என்றால் ஒளி. 'கேட்டலிசிஸ்' என்றால் தளர்த்துதல், அவிழ்த்தல். சுவீடன் வேதியியலர் பெர்சிலியஸ் 1835 வாக்கில் அதை வேதியியலுக்குள் கொண்டுவந்தார். தமிழில் 'கிரியா ஊக்கி' என்றார்கள், அப்புறம் வினையூக்கி என்றார்கள். பாடநூல்களில் 'வினைவேக மாற்றி'யும் உண்டு. பொருளில் அதுதான் கறார். ஆனால் 'ஒளிவினைவேகமாற்றி' என்று சொல்லி முடிப்பதற்குள் வினையே முடிந்துவிடும்.

பிரித்து எழுதும்போதுதான் வம்பு. 'ஒளிவினை ஊக்கி' என்றால், ஒளியால் நடக்கும் வினையை வேறேதோ ஒன்று தூண்டுகிறது என்றாகிவிடும். இங்கே ஒளியை வாங்கிக்கொள்வது ஊக்கியேதான். ஆகவே ஒளி + வினையூக்கி. சேர்த்தே எழுதுவது நல்லது.

காரைக்குடியில் வெயில் காயும் பழைய வெள்ளைக் கேட்டைத் தொட்டால் சில சமயம் கையில் மாவுபோல ஒட்டும். பெயிண்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, புற ஊதாக் கதிரை வாங்கித் தன்னைப் பிடித்துவைத்திருக்கும் பசையையே அரிப்பதால் வரும் கோளாறு அது. இதே பொருளைத்தான் 1972-இல் ஜப்பானில் புஜிஷிமா, ஹோண்டா என்ற வேதியியலர்கள் மின்முனையாக்கி, ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்தார்கள். 1979-இல் அவர்களும் சகாக்களும் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற குறைகடத்திகளை (செமிகண்டக்டர்) தூளாக நீரில் கலந்து ஒளி பாய்ச்சியபோது கரியமில வாயுவிலிருந்து பார்மிக் அமிலம், பார்மால்டிஹைடு, மெத்தனால், மீத்தேன் எல்லாம் கிடைத்தன.

ஒளி பட்டதும் தூளுக்குள் ஓர் எலக்ட்ரான் மேலேறும். அது விட்ட இடம் 'துளை'. துளை நீரிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். மேலேறிய எலக்ட்ரான் கரியமில வாயுவைச் சேர வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஆக 2 எலக்ட்ரான் போதும், மெத்தனாலுக்கு 6, மீத்தேனுக்கு 8. சிக்கல் என்னவென்றால், போய்ச் சேருமுன்பே பெரும்பாலானவை துளையில் திரும்ப விழுந்துவிடும். போதாததற்கு, டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதாதான் வேண்டும். வெயிலில் அது 5 சதவீதம் அளவுதான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் காட்மியம் சல்பைடு, கார்பன் நைட்ரைடு போன்றவற்றின் பின்னால் ஓடுகிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகுகிறது. ஆனால் அது இறக்கத்தில் உருளும் வண்டி: வெளிச்சம் வேண்டாம், கிடைப்பதும் சுண்ணாம்புக்கல்தான், எரியாது. அதே வாயுவை மெத்தனால், மீத்தேன் போன்ற எரிபொருளாக்குவது ஏற்றம். எந்த ஊக்கியும் தானாக ஏற்றத்தில் தள்ளாது, தள்ளுவது ஒளி. சொல்லின் முன்னால் 'ஒளி' நிற்பது அலங்காரத்துக்கு அல்ல.

இதற்கு ஒரு பங்காளிச் சொல்லும் உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) துறை மின்வேதியியல். அந்தத் துறையின் சொல் மின்வினையூக்கி: அதே வாயு, அதே எரிபொருள், ஆனால் ஆற்றல் மின்சாரத்திலிருந்து. ஒளியும் மின்சாரமும் சேர்ந்து வேலை செய்தால் ஒளிமின்வினையூக்கி. நீளமாகத் தோன்றினால் இதை 'ஒளிமின் வினையூக்கி' என்று பிரித்துக்கொள்ளலாம், பொருள் கெடாது.