சோதனையில் தேறிய சிப்பை எவ்வளவு நம்பலாம்?

சிப் சரிபார்ப்புப் பணியில் இருக்கும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, இத்தனை சோதனைகளைக் கடந்த பின்னும் எதற்குச் சந்தேகம் என்பதுதான். சிப் சொன்னதைச் செய்கிறதா என்றுதான் நாங்கள் சோதிக்கிறோம். சொல்லாததைச் செய்யாமல் இருக்கிறதா என்பதை அந்தச் சோதனைகள் பார்ப்பதில்லை.

வன்பொருள் ட்ரோஜன், அதாவது சிப்புக்குள் யாரோ திருட்டுத்தனமாகச் சேர்த்த தீய சுற்று, நுழைவது இந்த இடைவெளியில்தான். குறிப்பிட்ட ஒரு 32 பிட் மதிப்பு வந்தால் மட்டுமே விழித்துக்கொள்ளும் சுற்றைத் தற்செயலான உள்ளீடு ஒன்று தொடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய வகை இதைவிடக் கள்ளத்தனமானது: குறிப்பிட்ட செயல் விடாமல் நடக்கும்போது சிறிய மின்தேக்கி ஒன்று சிறுகச் சிறுக மின்னூட்டம் ஏறி, வரம்பைத் தாண்டியதும் சாதாரண நிரலுக்கு உயர் அதிகாரத்தைத் திறந்துவிடுகிறது, செயல் நின்றால் மின்னூட்டம் தானே கசிந்து விடுகிறது.

மின்நுகர்வை அளந்து கைரேகைபோல ஒப்பிடும் முறையை ஐபிஎம் ஆய்வாளர்கள் 2007-இல் முன்வைத்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஒரே வேஃபரில் (பல சிப்களை ஒன்றாகச் செய்யும் சிலிக்கான் வட்டு) பிறந்த சிப்களுக்குள்ளேயே இயல்பான வேறுபாடு இருப்பதால், சில டிரான்சிஸ்டர்களே கொண்ட ட்ரோஜன் அந்த இரைச்சலில் மறைந்துவிடும்.

நேரில் பார்ப்பதே மிச்சமுள்ள வழி. ஜெர்மனியின் போகும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகமும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 90, 65, 40, 28 நானோமீட்டர் சிப்களை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்து, லேஅவுட் கோப்போடு (சிப்பில் எது எங்கே அமைய வேண்டும் என்ற வரைபடம்) செல் செல்லாக, அதாவது ஒவ்வொரு சிறு அடிப்படைச் சுற்றாக, ஒப்பிட்டார்கள். வேண்டுமென்றே புகுத்திய 40 மாற்றங்களில் 37 பிடிபட்டன. தப்பிய மூன்றும் இவற்றில் மிக நுண்ணியதான 28 நானோமீட்டர் சிப்பில் இருந்தவை. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களைப் பார்த்ததில் பொய் எச்சரிக்கை சுமார் 500, அதாவது ஒருவர் உட்கார்ந்து கையால் சரிபார்க்கக்கூடிய அளவு.

படமெடுக்கச் சிப்பை உரித்துத் திறக்க வேண்டியிருப்பதால், இப்படி ஆராய்ந்த சிப் மீண்டும் பயன்படாது. ஆனாலும் ஃபேபில் (சிப் செய்யும் ஆலை) மாஸ்க்கை, அதாவது சுற்றின் வடிவத்தைச் சிலிக்கானில் பதிக்கும் அச்சை, திருத்தியிருந்தால் அந்தத் தொகுதி முழுவதிலும் அதே மாற்றம் இருக்கும் என்பதால், ஓரிரண்டை அழித்துப் பார்ப்பது வீணல்ல. லேஅவுட்டிலேயே, வெளியில் வாங்கிச் சேர்த்த வடிவமைப்புப் பகுதி ஒன்றின் வழியாக ட்ரோஜன் வந்திருந்தால் இந்த ஒப்பீடு எதையும் காட்டாது. அதை ஆர்டிஎல் நிலையிலேயே, அதாவது சுற்றின் செயலை நிரல்போல எழுதும் கட்டத்திலேயே, தேடியாக வேண்டும். கடையில் வாங்கும் சிப்புக்கோ, ஒப்பிட லேஅவுட்டே நம் கையில் இல்லை.

ஆகவே வெளியில் சிப் தயாரிக்கக் கொடுப்பவர்களிடம், டேப்-அவுட் அன்று (வடிவமைப்பு முடிந்து ஆலைக்குப் போகும் நாள்) அனுப்பிய கோப்பை மாற்றமுடியாத பிரதியாகப் பூட்டி வைக்கவும், உடைப்பதற்கென்றே சில சிப்களுக்கான செலவைத் தொடக்க மதிப்பீட்டிலேயே எழுதிவிடவும் சொல்லி வருகிறேன்.