கழுத்துக் கருப்பு அழுக்கு அல்ல

"எவ்வளவு தேய்த்தாலும் போகவே மாட்டேங்குது டாக்டர்." குண்டான பிள்ளையின் கழுத்தைக் காட்டி அம்மாக்கள் சொல்வது இது. கடலை மாவு, எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகிப்போன பிள்ளைகளும் உண்டு.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். இரத்தத்தில் இன்சுலின் கூடும்போது தோலின் செல்கள் தூண்டப்படுகின்றன. அதனால்தான் கழுத்தும் அக்குளும் தடித்துக் கறுக்கின்றன.

இன்சுலின் ஏன் கூடுகிறது? உடம்புக் கொழுப்பு வெறும் சேமிப்பு அல்ல, ஹார்மோன் சுரக்கும் உறுப்பு. அது சுரக்கும் லெப்டின், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு இதைக் கண்டுபிடித்தது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத பிள்ளைகள் மிக அரிதாக உண்டு; அவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டால் அடங்காத பசியும் அடங்கும். நம்மிடம் வரும் பிள்ளைகளுக்கோ லெப்டின் ஏராளமாகச் சுரக்கிறது, மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அந்தப் பசி நிஜம். "வாயைக் கட்டத் தெரியாதா?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் பிள்ளையைத் திட்டுவது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

இன்னொன்று அடிப்போநெக்டின். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய இது துணைநிற்கும். கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக்குள் சேர்வது, கூடக்கூட இது குறைகிறது. கணையம் ஈடுகட்ட மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது, கல்லீரலிலும் கொழுப்பு படிகிறது. இத்தனை நடந்தும் சர்க்கரை நார்மலாகவே இருக்கலாம்.

லெப்டின், அடிப்போநெக்டின் டெஸ்டுகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு இஞ்ச் டேப் போதும்: 6 வயதுக்கு மேல் இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 140 செ.மீ. உயரம் என்றால் 70 செ.மீ. தாண்டினால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதிகளைப் பார்த்துவிடுங்கள்.

பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளை பலருக்கு, எடை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே நல்ல முன்னேற்றம். ஜூஸ், சர்க்கரை போட்ட பானம், பிஸ்கட் இவற்றை வீட்டுக்கே வாங்காதீர்கள். பிள்ளைக்கு மட்டும் தடை போட்டுவிட்டு மற்றவர்கள் தின்றால் நடக்காது. தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடட்டும், நேரத்தோடு தூங்கட்டும்.

எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டால் கதை வேறு. தைராய்டு போன்ற காரணங்கள் இருக்கலாம். உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.