கன்ட்ரி இசையை 'நாட்டுப்புற இசை' என்று எழுதலாமா?

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் வசனவரிகளோடு பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்குள் அவர் மூன்று முறை 'நாட்டுப்புறப் பாடகர்' ஆகிவிட்டார். கட்டுரைகளிலும் பல வருடமாக இதே கதைதான். இனியும் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

'கன்ட்ரி' என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மூலம் லத்தீனில் 'எதிரே' என்று பொருள்படும் 'கோன்த்ரா'. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்று தொடங்கி வட்டாரம், தேசம், நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்ப்புறம் என்றெல்லாம் பொருள் விரிந்தது. நம் 'நாடு' என்ற சொல்லும் காட்டுக்கு எதிராக நின்ற விளைநிலம்தான். "நாடா கொன்றோ காடா கொன்றோ" என்று ஔவையார் பாடியது நினைவிருக்கும். இரண்டு சொற்களும் ஊர்ப்புறத்தையும் தேசத்தையும் சேர்த்தே சுமப்பதால், அகராதியைத் திறந்தவரின் கை 'நாட்டுப்புற இசை' என்று எழுதப் போவது இயல்பு. ஆனால் அந்தப் பெயரை நாம் ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம்.

தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப்பாட்டு, தெம்மாங்கு இவையெல்லாம் நாட்டுப்புற இசை. யார் கட்டியது என்று தெரியாது, யாருக்கும் சொந்தமில்லை, வாய்க்கு வாய் மாறும். ஆங்கிலத்தில் இதற்கு இணை 'ஃபோக்'. கன்ட்ரி பிறந்த விதமே வேறு.

1923 ஜூனில் ஒலிப்பதிவாளர் ரால்ஃப் பியர் 'ஓகே' என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அட்லான்டாவில் ஃபிடில் வாசித்துப் பாடும் ஃபிட்லின் ஜான் கார்சனின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தக் குரல் பியருக்குத் துளியும் பிடிக்கவில்லை. உள்ளூர் மரச்சாமான் வியாபாரி போல்க் பிராக்மன் 500 இசைத்தட்டுகளைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னதால்தான் தட்டு வெளிவந்தது. வந்த வேகத்தில் விற்றும் போனது. சரி, கார்சன் பாடியது ஏதோ பரம்பரைக் கிராமத்துப் பாட்டா? அது 1871இல் வில் ஹேஸ் என்ற தொழில்முறைப் பாடலாசிரியர் எழுதி அச்சில் வெளியிட்ட பாட்டு. கார்சன் தட்டுக்கு அடுத்த வருடம், 1924இல், பதிவாகிப் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற தட்டைப் பாடிய வெர்னன் டால்ஹார்ட், டெக்சாஸில் பிறந்து நியூயார்க்கில் ஓபரா மேடைகளில் பாடியவர். இவர்களை நாட்டுப்புறப் பாடகர்கள் என்றால், தெம்மாங்கு பாடும் நம் ஊர்ப் பாட்டியை என்னவென்று சொல்வது?

1927இல் டென்னசி, வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் நகரத்துக்குப் பியர் 'விக்டர்' என்ற இன்னோர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் போனார். ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை பதிவு நடந்தது. 'கார்ட்டர் குடும்பம்' என்ற பாட்டுக்குழுவும் ஜிம்மி ராட்ஜர்ஸும் வெளியுலகுக்கு அறிமுகமானது அங்கேதான். ஒரு பாட்டுக்கு 50 டாலர், அதற்கு மேல் உரிமத்தொகை. காப்புரிமை பதிவு செய்யக்கூடிய பாட்டுகளாகப் பார்த்துப் பியர் கேட்டார், ஏனென்றால் அவருடைய வருமானமே அந்த உரிமையில்தான் இருந்தது. அந்தக் குழுவின் ஏ.பி. கார்ட்டர் மலை மலையாக அலைந்து பழைய பாட்டுகளைச் சேகரித்தார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். அந்தப் பாட்டுகள் கார்ட்டரின் கையில் மாறி, மூன்று நிமிடத் தட்டுக்குள் அடங்கி, அவர் பெயரிலேயே பதிவாயின. ஆக, நாட்டுப்புற இசை இதற்குள் நிறையவே இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. பொதுச்சொத்தாக இருந்த பாட்டு இங்கே ஒருவர் பெயரில் சொத்தாகிவிட்டது என்பதுதான் வேறுபாடு. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் அந்த மாற்றமே வாசகர் கண்ணில் படாமல் போகிறது.

இன்னொன்றும் மறைகிறது. அந்த நாளில் நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்கு ஒரு வரிசை, தென்மாநில வெள்ளையருக்கு ஒரு வரிசை என்று தட்டுகளைப் பிரித்து விற்றன. பான்ஜோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரபில் பிறந்த வாத்தியம். அதை மீட்டிய பாட்டு வெள்ளையர் வரிசையில் விற்றது. இந்த வகையைப் பிரித்தது கடைக்காரனின் கணக்கு. 'நாட்டுப்புறம்' என்ற சொல்லில் அந்தக் கணக்கின் சுவடே இல்லை.

அப்போது யாரும் 'கன்ட்ரி' என்று சொல்லவுமில்லை. 1925இல் ஆல் ஹாப்கின்ஸின் குழுவோடு 'ஹில்பில்லி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இதைச் சிலர் 'மலைவாசி' என்று எழுதுகிறார்கள். படிக்கிறவர் பழங்குடி மக்களை நினைத்துக்கொள்வார். சொல்லில் இருக்கும் ஏளனமும் காணாமல் போகிறது. தமிழில் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: பட்டிக்காட்டான். இருபதுகளின் தட்டுகளைப் பற்றி எழுதும்போது 'பட்டிக்காட்டுப் பாட்டு' என்றே எழுதலாம். அந்த ஏளனத்தைக் கழுவத்தான் பின்னாளில் 'கன்ட்ரி' வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கும்.

அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டே 1944இல் இந்தத் தட்டுகளை 'ஃபோக்' பட்டியலில் போட்டதே என்று கேட்கலாம். போட்டது உண்மை. ஐந்தே வருடத்தில், 1949இல், அதை விட்டுவிட்டு 'கன்ட்ரி அன்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றிக்கொண்டதும் உண்மை. அவர்களே கழற்றிப் போட்ட சட்டையை நாம் ஏன் எடுத்து மாட்டிவிட வேண்டும்?

அப்புறம் எது சரியான சொல்? 'நாட்டிசை' என்றால் நாட்டுக்கோழி, நாட்டு மருந்து போல நம் மண்ணுக்குரியது என்று கேட்கும். 'ஊரக இசை' என்றால் ஊரக வளர்ச்சித் துறைதான் நினைவுக்கு வரும். 'கிராமிய இசை' மறுபடியும் ஃபோக்கில்தான் கொண்டுபோய் விடும். நான் தமிழ்ச்சொல் பக்கம் நிற்பவன். இசைத்தட்டு, ஒலிப்பதிவு, உரிமத்தொகை எல்லாவற்றையும் விரும்பியே எழுதுகிறேன். ஆனால் ஜாஸ், ப்ளூஸ், கஜல், கவ்வாலி போல இதுவும் ஒரு பெயர். 'கன்ட்ரி இசை' என்றே எழுதுவோம்.

'நாட்டுப்புற மற்றும் மேற்கத்திய இசை' என்று எழுதுகிறார்களே, அதுதான் இன்னும் வலிக்கிறது. தமிழில் மேற்கத்திய இசை என்றால் மோட்சார்ட், பீத்தோவன். இங்கே மேற்கு என்பது அமெரிக்காவின் மேற்கு. டெக்சாஸ், ஓக்லஹோமா மாட்டுப்பண்ணைகளை நினைத்துப் பாடிய பாட்டு. போதாததற்கு நடுவில் ஒரு 'மற்றும்'. 'உம்' என்ற ஓர் இடைச்சொல் நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு? 'கன்ட்ரியும் வெஸ்டர்னும்' என்று எழுதினால் போதும்.