பேரிடர் நேரத்தில் செவிலியர்: யாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"நான் பிரசவ வார்டில் இருக்கிறேன், பேரிடர் பயிற்சி எனக்கு எதற்கு?" என்று கேட்கும் செவிலியர்கள் உண்டு. சர்வதேச செவிலியர் கவுன்சில் வகுத்த பேரிடர்ச் செவிலியத் திறன்களில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2009-இல் முதலில் வெளியிட்டார்கள். 2019-இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. இது சட்டம் இல்லை. ஒரு நாடோ மருத்துவமனையோ தன் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் கட்டாயமாகும்.

மொத்தம் மூன்று நிலைகள். அடிப்படைப் படிப்பை முடித்து, பணிசெய்ய அனுமதி பெற்ற எல்லாச் செவிலியரும் முதல் நிலை. எந்த வார்டு என்ற பேச்சே இதில் கிடையாது. தலைமைச் செவிலியர், மேற்பார்வையாளர், அவசரகாலத் திட்டக் குழுவில் இருப்பவர் எல்லாம் இரண்டாம் நிலை. பேரிடர் நடந்த இடத்துக்கே அனுப்பப்படும் குழுவில் போகிறவர்கள் மூன்றாம் நிலை.

திட்டமிடல், தகவல் தொடர்பு, பாதுகாப்பு, சிகிச்சை, மீட்சி, சட்டமும் அறமும் உள்ளிட்ட 8 பிரிவுகளாகத் திறன்களைப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக்கான முதல் வரியே எனக்கு மிகவும் பிடித்தது: செவிலியர் தனக்கும் தன் குடும்பத்துக்கும் தன் பணிக்கும் ஓர் ஆயத்தத் திட்டம் வைத்திருக்க வேண்டும். குடும்பத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். வெள்ளத்தில் இரட்டை ஷிஃப்ட் பார்க்கச் சொன்னால் பிள்ளையை யார் கூட்டிவருவார்? அம்மாவின் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளைக்கு வரும்? இதற்கெல்லாம் விடை தெரியாத மனம் வீட்டில்தான் இருக்கும். ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டால் போதும், அரை மணி நேர வேலை.

அப்புறம் ஒத்திகை. மற்றத் துறையினரோடு சேர்ந்து அதில் கலந்துகொள்வது முதல் நிலையின் கடமை. அதைத் திட்டமிடுவதில் ஆண்டுக்கு ஒரு முறையாவது பங்கெடுப்பது இரண்டாம் நிலையின் கடமை. தலைமைச் செவிலியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஒத்திகையைப் பகல் ஷிஃப்டோடு நிறுத்தாதீர்கள். ஆள் குறைவான இரவு இரண்டு மணிக்கு, உங்கள் வார்டு சுவரில் ஒட்டியிருக்கும் தொலைபேசிப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழைத்துப் பாருங்கள். மாறிப்போன எண்களை அன்றைக்கே திருத்திவிடலாம்.