கம்பளியா, மயிர்நூலா?

கோலாலம்பூரில் குரோஷே பின்னும் நம் பெண்கள், நூற்கண்டின் தாளில் மெரினோ, மோஹேர், அங்கோரா, காஷ்மீர் என்று எது அச்சாகியிருந்தாலும் கம்பளி நூல் என்றே சொல்கிறார்கள். எந்த விலங்கின் உடம்பிலும் முளைக்காத அக்ரிலிக்குக்கும் அதே பெயர்தான். விலையும் துவைக்கும் முறையும் கண்டுக்குக் கண்டு வேறுபடும்போது, பெயர் மட்டும் ஒன்றாக இருப்பது வாங்குபவருக்கு நல்லதன்று.

கம்பளி முதலில் நூலின் பெயரே அன்று, போர்வையின் பெயர். வடமொழிக் கம்பலம் அதர்வ வேதத்திலேயே வருகிறது. தமிழில் அது கம்பலம், கம்பளம், கம்பளி என்று வழங்கியது. அந்தப் பழைய சொல்லுக்குச் செம்மறியாடுதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புத்தர் காலத்துச் சிந்தனையாளர் அஜித கேசகம்பளி, மனிதத் தலைமயிரால் நெய்த போர்வையை உடுத்தியதால் அந்தப் பெயர் பெற்றவர். அத்தகைய போர்வை குளிரில் குளிரும், வெயிலில் சுடும், நாற்றமும் அடிக்கும் என்று பாலி மொழியில் எழுதப்பட்ட பௌத்தச் சமய ஏடுகள் குறை கூறுகின்றன. இன்றைய தமிழில் கம்பளி என்றால் செம்மறியாட்டு மயிர் என்று பொருள் நிலைத்துவிட்டது. அது அப்படியே இருக்கட்டும். மெரினோவும் செம்மறி இனமே என்பதால் மெரினோக் கம்பளி என்பது சரியான வழக்கு. முயலுக்கும், அல்பாக்கா என்ற தென் அமெரிக்க விலங்குக்கும் அந்தச் சொல்லை நீட்டுவதுதான் பொருந்தவில்லை.

விலங்குகளின் உடம்பில் முளைப்பவை எல்லாவற்றையும் அடக்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: மயிர். சிலப்பதிகாரம் புகார் நகரத்து நெசவாளர்களை இப்படிக் காட்டுகிறது: ‘பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும் கட்டு நுண்வினைக் காருகர்’. பட்டு, மயிர், பருத்தி என்ற இந்தப் பகுப்பு இன்றைய துணியியலுக்கும் பொருந்துகிறது. பருத்தி தாவரம் தருவது. மயிர் தோலில் முளைக்கும் கெராட்டின் என்ற புரதம். பட்டு, புழு தன் வாயிலிருந்து இழுக்கும் பைப்ராயின் என்ற வேறொரு புரதம். பட்டும் உயிரினம் தரும் இழைதான் என்றாலும் மயிரோடு சேராது என்பதை இளங்கோவடிகளின் அந்த ஓர் அடியே பிரித்துச் சொல்லிவிடுகிறது.

மயிர் என்று எழுதக் கூசுகிறவர்கள் உண்டு. பேச்சில் வசையாகிவிட்டது என்பதற்காக ஒரு நல்ல சொல்லை விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்ற குறளை இங்குள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கூச்சமின்றி ஒப்பிக்கிறார்கள். அந்தக் கவரிமா மான் அன்று, இமயத்தில் வாழும் சடைமாடு. அதன் மென்மயிரில் நூற்ற நூல் இன்று யாக் என்ற பெயரில் விற்கிறது. கவரி மயிர்நூல் என்று எழுதினால் போதுமே! மலாய்க்காரர்கள் செம்மறிக் கம்பளியையும் கோழி இறகையும் ‘புலு’ என்ற ஒரே சொல்லால் இயல்பாகக் குறிக்கிறார்கள்.

உண்மையான குழப்பம் அங்கோராவில் இருக்கிறது. துருக்கியின் அங்காரா நகருக்கு 1930 வரை வெளிநாட்டார் வழங்கிய பெயர் அது. அந்நகரின் பெயரால் அங்கோரா ஆடும் உண்டு, அங்கோரா முயலும் உண்டு. கண்டில் அங்கோரா என்றிருந்தால் அது முயல் மயிர். அங்கோரா ஆட்டின் மயிருக்கோ மோஹேர் என்று பெயர். ‘தேர்ந்தெடுத்தது’ என்று பொருள்படும் முகய்யர் என்ற அரபுச் சொல், ஐரோப்பிய மொழிகளில் புகுந்து மோஹேராக மாறியது. தமிழில் முன்னதை முயல் மயிர்நூல் என்றும், பின்னதை அங்கோரா வெள்ளாட்டு மயிர்நூல் என்றும் எழுதினால் குழப்பம் தீரும். வெறும் ஆட்டு மயிர் என்பது போதாது. தமிழில் செம்மறியும் ஆடு, வெள்ளாடும் ஆடு.

காஷ்மீர் நூலும் வெள்ளாட்டிலிருந்து வருவதே. ஆனால் மேல்மயிருக்கு அடியில் குளிர்காலத்தில் அடர்ந்து வளரும் மென்மயிர் மட்டுமே அதற்கு ஆகும். சராசரி தடிமன் 19 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் அமெரிக்கச் சட்டம் அதைக் காஷ்மீர் என்று விற்க விடாது. பஷ்மினாவும் இந்த அடிமயிர்தான். கம்பளியைக் குறிக்கும் பஷ்ம் என்ற பாரசீகச் சொல் அதன் வேர். அடிமயிர் நூல் என்பது என் பரிந்துரை. அல்பாக்கா தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைவாழ் மக்களின் சொல். அந்த விலங்குக்கு நம்மிடம் பெயரில்லை, எனவே அல்பாக்கா மயிர்நூல் என்றே வழங்கலாம்.

விலங்கு நார் என்று சிலர் எழுதுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. நார் வாழையிலும் தாழையிலும் உரிப்பது. பட்டு, மயிர் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில், பாடநூல்கள் வழங்கும் விலங்கிழை சரியாக அமைகிறது.

தாளைக் கிழித்துவிட்ட கண்டு கையில் இருந்தால், ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். மயிர் கருகும் வாடை வந்து, தீயை விலக்கியதும் அணைந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் அது விலங்கிழை. பட்டும் இப்படித்தான் எரியும். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக உறைந்தால் அது அக்ரிலிக் போன்ற செயற்கை இழை. கம்பளியாக இருந்தால் சுடுநீரில் கசக்கித் துவைக்காதீர்கள். அதன் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிவிடும். மோஹேரின் செதில்கள் வழவழப்பானவை, அவ்வளவு எளிதில் மாட்டிக்கொள்வதில்லை.