தண்ணீரைக் கொண்டு தேர்வு செய்யும் சூலகமுடி

பூவின் நடுவே நிற்கும் சூலகத்தின் உச்சியில், சிறு புடைப்பாகவோ கிளைத்த இழையாகவோ தென்படும் பகுதியே சூலகமுடி. மகரந்தத்தூள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம் என்று பாடநூல்கள் அதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த வரியில் தவறில்லை. ஆனால் வந்து ஒட்டியவற்றுள் எது முளைக்கலாம், எது முளைக்கக் கூடாது என்று பிரிக்கும் பெரிய வேலை அதில் விடுபட்டுப்போகிறது. காற்றும் பூச்சிகளும் கொண்டுவந்து சேர்ப்பவற்றில் வேற்றினத் தூளும், அதே பூவின் தூளும், பூஞ்சை வித்துகளும் கலந்தே இருக்கும்.

மகரந்தப்பையை விட்டு வெளியேறும் தூள் ஏறக்குறைய உலர்ந்த நிலையில் இருக்கிறது. பல தாவரங்களில் அதன் நீரளவு எடையில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த வறட்சி பயணத்தின்போது அதைக் காப்பாற்றுகிறது என்றாலும், மீண்டும் நீர் கிடைக்காதவரை அதனால் முளைக்க இயலாது. லில்லி, புகையிலை, பெட்டூனியா ஆகியவற்றின் சூலகமுடி பிசுபிசுப்பான நீர்மத்தைச் சுரந்து ஈரமாகவே இருப்பதால், அதில் விழும் தூளுக்கு நீர் எளிதில் கிடைத்துவிடும். கடுகுக் குடும்பத்திலோ சூலகமுடியின் மேற்பரப்பு உலர்ந்தது. அங்கே விரல்போல நீண்டிருக்கும் செல்களின் மீது தூள் படிந்ததும், அதன் மேற்பூச்சு உருகிப் பரவி இரண்டுக்கும் இடையே ஒரு பாலமாகிறது. அந்தப் பாலத்தின் வழியாகச் செல் தன் நீரை விட்டுக்கொடுத்தால்தான் தூள் பருத்து, மகரந்தக் குழலை வெளியே நீட்டும். அக்குழல் சூலகத்தண்டினூடே இறங்கிச் சூலை அடைந்து, ஆண் கேமீட்டுகளை, அதாவது ஆண் இனப்பெருக்கச் செல்களை, அங்கே சேர்க்கிறது. இத்தாலிய அறிவியலாளர் ஜியோவானி பத்திஸ்தா அமிச்சி 1824-இல் பருப்புக்கீரைப் பூவின் சூலகமுடியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இத்தகைய குழலை முதன்முதலில் கண்டார்.

நீரைக் கொடுப்பதும் மறுப்பதும் செல்லின் கையில் இருப்பதால், தேர்வும் அங்கேயே நடக்கிறது. முட்டைக்கோசின் பல வகைகள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. இதைத் தன்-ஒவ்வாத்தன்மை என்பர். தூளின் மேற்பூச்சில் ஒரு சிறு புரதமும், சூலகமுடிச் செல்லின் சவ்வில் அதற்குரிய ஏற்பிப் புரதமும் உள்ளன. இரண்டும் ஒரே மரபு வகையைச் சேர்ந்தவையாக இருந்தால் பூட்டும் சாவியும்போலப் பொருந்திவிடும். பொருந்தியதும் நீர் வழங்கல் தடைபட, தூள் உலர்ந்தபடியே கிடக்கும். இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது, இந்த மறுப்பு எவ்வளவு குறுகிய எல்லைக்குள் நிகழ்கிறது என்பதே. ஒரே செல்லின் மீது சொந்தத் தூளும் அயல் செடியின் தூளும் அருகருகே விழுந்தால், முதலாவதை மறுத்துக்கொண்டே இரண்டாவதை அச்செல் முளைக்கவிடும்.

எல்லாத் தாவரங்களும் வாசலிலேயே தடுத்துவிடுவதில்லை. பெட்டூனியாவிலும் ஆப்பிளிலும் சொந்தத் தூள் தடையின்றி முளைக்கும். சூலகத்தண்டினுள் பாதி வழியில், புரதம் உருவாகத் தேவையான ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி அதன் குழலை நிறுத்திவிடும். வயல்களில் வளரும் சிவப்புப் பாப்பியில் சூலகமுடியின் புரதம் பட்டதும் சொந்தத் தூளுக்குள் கால்சியம் திடீரென உயர்ந்து, குழலின் வளர்ச்சி நின்று, தூளின் செல்லே இறந்துபோகிறது. தன் மகரந்தத்தை விலக்குதல் என்ற ஒரே விளைவுக்கு வெவ்வேறு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று வழிகளைக் கண்டிருக்கின்றன.

கடுகுக் குடும்பத்தின் தடையில் பயிர் வளர்ப்போருக்கு உதவும் ஓர் இடைவெளி உண்டு. ஏற்பிப் புரதம் சூலகமுடியில் போதிய அளவு சேர்வது பூ மலரும் தறுவாயில்தான். ஆகவே, மலர்வதற்குச் சில நாள்கள் முன்பே மொட்டைப் பிரித்துச் சொந்த மகரந்தத்தைத் தடவினால் அது மறுக்கப்படாமல் விதையாகிறது. முட்டைக்கோசில் தூய வழிகளை, அதாவது தலைமுறைதோறும் பண்பு மாறாத பரம்பரைகளை, இவ்வாறு பேணிவைத்து, பிறகு இரண்டு வழிகளை அடுத்தடுத்த வரிசைகளில் நட்டு, பூக்களை இயல்பாக மலரவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு செடியும் தன் தூளை மறுத்து அடுத்த வரிசையின் தூளை ஏற்பதால், மகரந்தத்தாள்களைக் கையால் அகற்றும் வேலையின்றியே கலப்பின விதை கிடைக்கிறது.